ஒரு தலை குறைகிறது

தெமிரின் வலது கையில் விரல்கள் ஐந்தும் இருந்தன. ஒன்றுகூட நேராக இல்லை.

டோக்மோக் நகரப் போலீஸ் நிலையத்தின் லாக்கப்பில் சிமென்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான் அவன். அந்தக் கையைச் செத்த கோழிக்குஞ்சு மாதிரி மடியில் கிடத்தியிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். உலகத்தை அந்த விரல்களால்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் சாய்ரா.

"கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லச் சொன்னாங்கக்கா."

லெப்டினன்ட் சித்திகோவ் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். சாய்ரா போலீஸில் இருந்த காலத்தில் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தவன். அவள் மேலதிகாரியை அறைந்து வேலையைத் தொலைத்து, தனியார் துப்பறிவாளராகிவிட்ட பிறகு அவள் மேஜையில் உட்கார்ந்தவன்.

"கண்ணு தெரியாத பய மேடம். கதவுச் சந்துல கையை வெச்சுட்டான்."

"எத்தனை தடவை வெச்சான்?" என்றான் மெலிஸ்.

சித்திகோவ் அவனை மேலிருந்து கீழே பார்த்தான். பார்வை மெலிஸின் இடது காலில் வந்து நின்றது. முழங்காலுக்குக் கீழே அது மரம். நிலக்கரிச் சுரங்கம் எடுத்துக்கொண்ட காலுக்குப் பதிலாக அரசாங்கம் கொடுத்தது.

"இது யாரு மேடம்?"

"என் உதவியாளன். வேலைவாய்ப்புத் திட்டத்துல எடுத்தேன். பாதிச் சம்பளம் சர்க்கார் தருது."

"அதனால பாதி மரியாதைதான் தருவேன்" என்றான் மெலிஸ். "மீதிப் பாதிக்கு சர்க்காரைத்தான் கேக்கணும்."

சாய்ரா தெமிரின் பக்கத்தில் குந்தினாள். "மேஸ்திரி ஒரோஸ்பெக்கை நீ அடிச்சியா?"

"இல்லக்கா. முந்தின நாள் சண்டை போட்டேன், நிஜம். தார்ச்சட்டியை வழியில வெச்சுட்டாருன்னு கத்தினேன். அதுக்காகக் கொல்லுவாங்களா? இன்னைக்கு சாயங்காலம் தலைநகர் ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம். அங்க போனா என் ரொட்டியைக்கூட நான் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் தாங்க மாட்டேன்."

வெளியே வந்ததும் சித்திகோவ் கதவைச் சாத்தினான். துருப்பிடித்த கீல், கழுத்தறுபட்ட ஆடு மாதிரி நீளமாகக் கத்தி, கடைசியில் இருமுறை விக்கி நின்றது. உள்ளே தெமிர் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரில் ஒடுங்குவதை மெலிஸ் கம்பி வழியே பார்த்தான். அவனுக்கு அதன் பிறகு ஜோக் எதுவும் வரவில்லை. ஒரு நிமிஷத்துக்கு.

வழக்கு இவ்வளவுதான். யூசுபோவ் என்பவனின் பிரஷ் பட்டறை. குதிரை முடியைக் கட்டி, கொதிக்கும் தாரில் தோய்த்து, மரப்பிடியில் செருகுகிற வேலை. வேலையாட்களில் சரிபாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருந்தால் வரி கிடையாது, அவர்கள் சம்பளத்தில் பாதியையும் அரசாங்கமே போடும் என்ற திட்டத்தில் நடக்கிறது. யூசுபோவ் பார்வையற்றவர்களாகப் பார்த்து எடுத்திருந்தான். அவர்களுக்கு மேஸ்திரி ஒரோஸ்பெக். அவருக்கும் கண் தெரியாது. மூன்று நாள் முன்பு, முடி காயப்போடும் அறையில், அவருடைய மண்டையைச் சுத்தியலால் பிளந்திருந்தார்கள். சுவரெல்லாம் தெறித்த ரத்தத்தைப் பார்த்து வாந்தியெடுத்தவர்கள் கண் தெரிந்த ஆட்கள்தான்.

அங்கே ஒவ்வொருவரும் தங்கள் கருவியில் அடையாளமாக முடியால் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். ரத்தம் தோய்ந்த சுத்தியலில் இருந்தது தெமிரின் முடிச்சு. போலீஸ் அத்தோடு யோசிப்பதை நிறுத்திவிட்டது.

பட்டறைக்காரர்கள் மட்டும் நம்பவில்லை. தங்களில் நன்றாகப் பேசத் தெரிந்த அல்மாஸை முந்தாநாள் சாய்ராவின் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்த அலுவலகத்தில் வருகிறவர்களின் நாற்காலியில், சாம்பல் நிறக் கம்பளி விரிப்பின்மேல், மேஜர் என்கிற சாம்பல் நிறப் பூனை தூங்குவது வழக்கம். வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்து அலறுவதும் வழக்கம். அன்றைக்கு அலறல் இல்லை, அழுகைதான். அல்மாஸ் சுவரோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைத் தடியை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, "தெமிர் என் தம்பி மாதிரிம்மா" என்று தேம்பினான். மெலிஸ்தான் அவனுக்குக் கைக்குட்டை கொடுத்தான்.

இப்போது சித்திகோவின் மேஜைமேல் இருந்த பொருள்களைச் சாய்ரா புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"செத்தவன் கையில இருந்தது. பிரஷ்."

"அது தெரியுது."

"பிரஷ் கம்பெனியில செத்தவன் கையில பிரஷ் இருக்காம ரொட்டியா மேடம் இருக்கும்?"

சாய்ரா சூரியகாந்தி விதை ஒன்றைப் பல்லில் உடைத்தாள். வெள்ளையடிக்கிற அகலமான பிரஷ், முடியெல்லாம் வெள்ளை. பிடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. சிவப்புச் சேவல் படம், கீழே விலை.

"பிரஷ் செய்யிறவன் கையில, கடைக்காரன் விலை ஒட்டின பிரஷ். இது பட்டறையை விட்டுக் கடைக்குப் போயிட்டு, திரும்பி வந்திருக்கு. ஏன்?"

சித்திகோவ் பல்குத்தும் குச்சியை வேறு பக்கம் மாற்றினான். அவள் பிரஷ்ஷைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிவப்புச் சேவல், சந்தையில் லூபாவின் பெயின்ட் கடை. அவள் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு ஏப்ரன் கட்டிக்கொண்டு, நரைத்த புருவத்தில் சுண்ணாம்போடு நின்றிருந்தாள். சாய்ரா பிரஷ்ஷை நீட்டி விசாரித்தாள்.

"ஒரோஸ்பெக்கா? செத்த அன்னைக்குக் காலையில இங்கதான் வந்தான். சரக்கு போட." லூபா மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "நான்தான் சொன்னேன், யப்பா, எல்லாத்தையும் இது மாதிரியே கட்டச் சொல்லுன்னு. இந்த வெள்ளையைத்தான் கொடுத்தேன் கையில."

"ஏன், மத்ததுக்கு என்ன?"

லூபா தொங்கிக்கொண்டிருந்த கட்டிலிருந்து ஒரு பிரஷ்ஷை உருவினாள். கறுப்பு, வெள்ளை, செம்பட்டை எல்லாம் கலந்த முடி.

"இதுல சுண்ணாம்பு அடிச்சா, உதிர்ற கறுப்பு முடி சுவர்ல ஒட்டித் தெரியும். வெள்ளையடிக்கற மேஸ்திரிங்க என்னைத்தான் திட்டுறானுங்க. வெள்ளை முடி உதிர்ந்தா எவனுக்குத் தெரியும்? அந்தப் பட்டறையில இருந்து எப்பவாச்சும் சுத்த வெள்ளையா ஒண்ணு ரெண்டு வரும். அதுக்குத்தான் அடிச்சுப்பாங்க."

"இதைச் சொன்னதும் ஒரோஸ்பெக் என்ன சொன்னார்?"

"மூஞ்சி செத்துப் போச்சு. பிரஷ்ஷைத் தடவித் தடவிப் பார்த்தான். 'வெள்ளையா? சுத்தமா வெள்ளையா? ஒரு கறுப்புகூட இல்லையா?'ன்னு கேட்டான். தேநீர்கூடக் குடிக்காம போயிட்டான்."

சாய்ரா விதை உடைப்பதை நிறுத்தினாள். அது அவளிடம் அபூர்வம்.

"மெலிஸ், கறுப்பு முடிக்கும் வெள்ளை முடிக்கும் தொட்டா வித்தியாசம் தெரியுமா?"

"என் மாமியார் தலையில தெரியாது. ரெண்டும் முள்ளுதான்."

"குதிரையிலயும் தெரியாது. கசாப்புக் கூடத்துல இருந்து எல்லா முடியும் கலந்துதான் வரும். கண் தெரியாதவங்க நீளம் பார்ப்பாங்க, தடிப்பு பார்ப்பாங்க. நிறம் பார்க்க முடியாது. அப்போ இதைக் கட்டினது யாரு?"

மெலிஸின் வாய் மெதுவாகத் திறந்தது. "கண்ணு தெரிஞ்சவன்! பன்னெண்டு பேர்ல ஒருத்தன் பொய்க் குருடன்!"

"பொழுது போகாம உட்கார்ந்திருக்கான். கை தானா வெள்ளையை வெள்ளையோட சேர்க்குது. அவனே கவனிக்கல. ஒரோஸ்பெக் தொட்டுப் பார்த்தே யாரோட கட்டுன்னு கண்டுபிடிச்சு, நேராப் போய்க் கேட்டிருக்கார். அவன் பக்கத்து மேஜைச் சுத்தியலை எடுத்திருக்கான்."

"ஆனா எதுக்குக்கா ஒருத்தன் குருடனா நடிக்கணும்?"

"ஒரோஸ்பெக் போக, யூசுபோவோட ஆளுங்க இருபத்து நாலு. கண் தெரியாதவங்க பன்னெண்டு. ஒரு தலை குறைஞ்சாலும் வரிச் சலுகை போச்சு. யாரோ விட்டுட்டுப் போயிருப்பாங்க, அவசரத்துக்கு ஒரு தலையைப் புடிச்சிருப்பான். மருத்துவச் சான்றிதழ் விலைக்குக் கிடைக்குது. அந்தத் தலைக்கு சம்பளமும் பென்ஷனும் சேர்ந்து வருது."

அவள் இறைச்சி அடைத்த சம்சா வாங்கப் போனாள். ஜிகுலி காரில் ஏறி உட்கார்ந்த மெலிஸுக்கு அல்மாஸின் அழுகை ஞாபகம் வந்தது. பாவம், நல்ல செய்தி சொல்வோமே என்று போன் போட்டான்.

"அண்ணே, கவலைப்படாதீங்க. ஒரு வெள்ளைப் பிரஷ் கிடைச்சிருக்கு. அதைக் கட்டினவன்தான் ஆளு. உங்க பட்டறைக்குத்தான் வர்றோம்."

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றான் அல்மாஸ். "ஆண்டவன் உங்களுக்கு நல்ல வழி காட்டட்டும்."

பட்டறையில் மூச்சு புகையாக வந்தது. நடுவில் அடுப்பின்மேல் தார்ச்சட்டி கொப்பளித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மேஜைகள்; கண் தெரிந்த ஆட்கள் மரப்பிடி கடையும் பின்கட்டில் இருந்தார்கள். மெலிஸ் நடைபாதையில் கால் வைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு குரல் கிழிந்தது:

"தார்!"

அத்தனை பேரும் அப்படியே உறைந்தார்கள். எல்லாருடைய இரண்டு கைகளும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டன. ஒருத்தன் கொதிக்கிற சின்னச் சட்டியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து போனான். மெலிஸின் சட்டைக் கைக்கு ஒரு விரற்கடை தள்ளி ஆவி போயிற்று.

"யாருடா அது டக்கு டக்குன்னு நடக்கறது?" முதல் மேஜையிலிருந்து ஒரு பெண் சீறினாள். "தார்னு கத்தினா கையை நெஞ்சுல வெச்சு நிக்கணும்னு தெரியாது? வெந்து போயிருப்ப, எருமை!"

"மன்னிச்சுக்க அக்கா. ஒரு கால்தான் என்னோடது. அது நின்னுது. இன்னொண்ணு சர்க்காரோடது."

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். பெயர் பாத்மா. சாய்ரா முடிப்பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றதும் அவளே கையைப் பிடித்து ஒவ்வொரு மேஜையாகக் கூட்டிப் போனாள். எல்லாப் பெட்டியிலும் கலப்பு முடி. கட்டி முடித்த பிரஷ்கள் எல்லாம் கலப்பு. ஒரு வெள்ளையும் இல்லை.

"ஜன்னலோர மேஜை யாரோடது?" என்றாள் சாய்ரா.

"அல்மாஸோடது. காத்து ஊசி மாதிரி குத்தும், நாங்க யாரும் உட்கார மாட்டோம். அவன் பாவம், எனக்குப் பரவாயில்லன்னு கேட்டு வாங்கிக்கிட்டான்."

அல்மாஸ் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டே, "ஏதாவது துப்பு கிடைச்சுதாம்மா?" என்றான். அவன் பெட்டியிலும் கலப்புதான்.

"இல்ல" என்றாள் சாய்ரா. "எல்லாரும் வேலையைப் பாருங்க. நாங்க கிளம்பறோம்." வாசல் கதவைத் திறந்து சத்தமாகச் சாத்தினாள். ஆனால் வெளியே போகவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு திரும்பி வந்தாள். பையிலிருந்து பிஸ்டலை எடுத்தாள்.

மெலிஸ் கட்டைக்கால் சத்தம் கேட்காதபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

அவள் முதல் மேஜைக்குப் போய்ப் பாத்மாவின் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் பிஸ்டலை நீட்டினாள். பாத்மா ஏதோ பாட்டு முனகியபடி முடியைக் கட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த மேஜை. அவன் தும்மினான், மூக்கைத் துடைத்தான், கட்டினான். அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு நெற்றியாக அந்தக் கறுப்புக் குழாய் ஊர்ந்து போயிற்று. யாருடைய கையும் நிற்கவில்லை. துப்பாக்கி ஏந்திய ஒருத்தி தங்களுக்கு நடுவே நடப்பதை அறியாமல் அந்தப் பட்டறை இயங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஜன்னலோரம்.

அல்மாஸின் கையும் நிற்கவில்லை. முகம் அசையவில்லை. கண்கள் பிஸ்டலை ஏறிட்டுப் பார்க்காமல், வெறித்தபடி மேஜைமேலேயே கிடந்தன. பாவம், இவனும் குருடன்தான் என்று மெலிஸ் பெருமூச்சு விடப்போனான்.

அப்போதுதான் மேஜையைப் பார்த்தான்.

பயத்தில் அல்மாஸின் புத்தி பிஸ்டலிடம் போய்விட்டது. விரல்கள் தனியாக, பழக்கத்தில், வேலை செய்தன. கலந்து கிடந்த முடியிலிருந்து வெள்ளை இடது பக்கம் போனது. கறுப்பு வலது பக்கம் போனது. வெள்ளை இடது. கறுப்பு வலது.

"அழகா பிரிக்கற அல்மாஸ்" என்றாள் சாய்ரா.

அவன் தன் விரல்களைப் பார்த்தான். பார்த்த கணமே முடிந்துபோயிற்று என்று அவனுக்கும் தெரிந்தது.

அடுப்பை எட்டி உதைத்தான். தார்ச்சட்டி கவிழ்ந்து நடைபாதையில் கறுப்பு அலை சீறிக்கொண்டு வந்தது. மெலிஸ் நகர்வதற்குள் அது அவன் கட்டைக்காலைச் சூழ்ந்தது. மரம் பொசுங்கிப் புகை வந்தது. சாய்ரா ஒரு மேஜைமேல் தாவினாள். அல்மாஸ் முடி வெட்டுகிற அரிவாள் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். முதலில் எழுந்து நின்றவனின் தோளில் கத்தி இறங்கியது. ரத்தம் மேஜைமேல் கொட்டிய முடியை நனைத்தது. அடுத்த நொடி பாத்மாவின் கூந்தல் அவன் கையில் இருந்தது, கத்தி அவள் கழுத்தில் இருந்தது.

"பிஸ்டலைக் கீழ போடு!"

"அல்மாஸா?" பாத்மாவின் குரல் நம்பவில்லை. "டேய், உனக்குத் தினமும் நான்தானடா கையைப் புடிச்சு ரோடு தாண்டி விட்டேன்?"

"வாயை மூடு!" கத்தி தோலைக் கீறியது. ஒரு சிவப்புக் கோடு அவள் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. "எனக்கு வேற வழி இல்ல. அந்தக் கிழவன் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னான். பிஸ்டலைப் போடுடி!"

சாய்ரா பிஸ்டலை மேஜைமேல் தன் காலடியில் வைத்தாள். "நாம வர்றதுக்குள்ள வெள்ளையெல்லாம் காணாம போயிருக்கு. இவனுக்குப் போன் பண்ணினது நீதானா?" என்று திரும்பாமலே மெலிஸிடம் கேட்டாள்.

"நான்தான்க்கா." பெஞ்சில் சாய்ந்து, எரிகிற காலின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த மெலிஸுக்குத் தலையில் இன்னொரு விளக்கும் எரிந்தது. "அக்கா! பூனை! மேஜர் மேல உட்காராம நேரா ஸ்டூலுக்குப் போன ஒரே ஆளு இவன்தான்!"

"இப்பவாவது தோணிச்சே."

அல்மாஸ் பாத்மாவை இழுத்துக்கொண்டு கதவை நோக்கிப் பின்னால் நடந்தான். இன்னும் நாலு அடி. வெளியே போனால் அவளை அறுத்துப் போட்டுவிட்டு ஓடுவான்.

மெலிஸ் நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினான்:

"தார்!"

இரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் நடித்தவனின் உடம்பு, நடிப்பு எது நிஜம் எது என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பாத்மாவின் கைகள் நெஞ்சுக்குப் போயின. மற்ற எல்லாருடைய கைகளும் போயின. அல்மாஸின் கைகளும் போயின. கத்தி அவள் கழுத்தை விட்டு அவன் நெஞ்சில் வந்து நின்றது. ஒரே ஒரு கணம்.

அந்தக் கணத்துக்குள் மெலிஸ் ஒற்றைக் காலால் தவ்வினான். புகைந்துகொண்டிருந்த கட்டைக்கால் காற்றைக் கிழித்துச் சுழன்று அல்மாஸின் முழங்காலில் இறங்கியது. விறகு பிளக்கிற சத்தம். அவன் சரிந்தான். இரண்டாவது அடி முகத்தில். பற்கள் தரையில் சிதறின. மூன்றாவதற்கு ஓங்கியபோது சாய்ரா காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும். சர்க்கார் சொத்து. உடைஞ்சா எழுதித் தரணும்."

பாத்மா கழுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கையால் துழாவி அல்மாஸின் முகத்தைக் கண்டுபிடித்தாள். அறையப் போகிறாள் என்று மெலிஸ் நினைத்தான். அவள் அவன் கண் இமைகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தரையில் காறித் துப்பினாள்.

"இவன் போயிட்டா ஒரு தலை குறையும்" என்றாள். "சலுகை நின்னு போகும். நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குமா?"

சாய்ரா குனிந்து தன் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

குதிரை முடிக் கயிற்றால் கட்டிய அல்மாஸைக் கார் டிக்கியில் திணித்து, பாத்மாவையும் தோளில் கட்டுப் போட்டவனையும் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போலீஸ் நிலைய வாசலில் கைதி வண்டி உறுமிக்கொண்டிருந்தது. தெமிரை அதில் ஏற்ற ஒரு போலீஸ்காரன் அவன் உடைந்த கையையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். தெமிர் கத்தவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது.

சாய்ரா டிக்கியைத் திறந்து அல்மாஸைச் சித்திகோவின் காலடியில் உருட்டினாள். பாத்மா சொல்லச் சொல்லச் சித்திகோவின் முகம் வெளுத்தது. கடைசியில் வண்டியின் எஞ்சினை நிறுத்தச் சொன்னான்.

"சரி மேடம். ஆளை விட்டுடறோம். தப்பு எல்லார்கிட்டயும் நடக்கறதுதான்."

"யூசுபோவைத் தூக்கு. பட்டறையைத் தொடாத. அந்த ஒரு தலைக்கு ஆள் வரும்."

"யாரு?"

மெலிஸ் பொசுங்கிய காலை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். "யாரா? நான்தான். காலையில பிரஷ், மதியத்துக்கு மேல கொலை. இவங்க வேற ஆள் பார்க்கற வரைக்கும். அக்கா, ரெண்டு பக்கமும் பாதிப் பாதிச் சம்பளம் வந்தா நான் முழு மனுஷன் ஆயிடுவேன்."

சாய்ரா சிரிக்கவில்லை. தெமிரின் கையை ஒருமுறை பார்த்தாள். கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டாள்.

"இவனைக் கார்ல உட்கார வை. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நீங்க?"

"லெப்டினன்ட்கிட்ட ஒரு வேலை இருக்கு. சித்திகோவ், வா. அந்த லாக்கப்பை ஒருதரம் காட்டு. இவன் கையை எங்க வெச்சான்னு எனக்குச் சரியாப் புரியல."

சித்திகோவ் வரமாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்திருப்பான். அவள் கை அவன் காலரில் இருந்தது. போலீஸ்காரர்கள் திடீரென்று எல்லாருமாக வண்டியின் டயரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மெலிஸ் தெமிரைக் காரில் உட்கார்த்தி வைத்தான். பனி விழத் தொடங்கியிருந்தது. நிலையத்துக்குள்ளிருந்து துருப்பிடித்த கீல் ஒன்று நீளமாகக் கத்தியது. இரண்டு முறை விக்கியது. அதற்குமேல் ஒரு ஆணின் அலறல் எழுந்து, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

தெமிர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டான். மூன்று நாளில் முதல்முறையாக அவன் தோள்கள் தளர்ந்து இறங்கின.

"அதே கதவுதான்" என்றான்.